காந்தமும் பயிரும்

காந்தத்திற்கும் பயிருக்கும் தொடர்பு உண்டா என்னும் கேள்வி மிகப் பழையது. ஆயினும், அது முதன்முதலில் எழுந்த விதம் இன்று நமக்கு விந்தையாகத் தோன்றும். காந்தம் செடியை என்ன செய்யும் என்று பண்டை அறிஞர் கேட்கவில்லை; செடி காந்தத்தை என்ன செய்யும் என்றே கேட்டனர். பூண்டைத் தேய்த்தால் காந்தக்கல் தன் கவரும் ஆற்றலை இழந்துவிடும் என்று ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் புளூட்டார்க் எழுதி வைத்தார். நூலில் எழுதப்பட்டுவிட்டது; ஆகவே அது உண்மை என்று, பின்வந்தோர் பலர் அதனை அப்படியே பெயர்த்தெழுதினர். திசைகாட்டும் கருவியின் அருகே நிற்கும் மாலுமி பூண்டும் வெங்காயமும் உண்ணலாகாது என்றுகூடச் சொல்லப்பட்டது. பூண்டும் காந்தக்கல்லும் கிடைத்தற்கரிய பொருள்கள் அல்ல. ஒன்றை மற்றொன்றின்மேல் தேய்த்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட நூலறிவுடையோர் பல நூற்றாண்டுகள் தயங்கினர்.

நேப்பிள்ஸ் நகரத்து ஜியாம்பட்டிஸ்டா டெல்லா போர்ட்டா 1589-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இக்கதையைச் சோதித்து மறுத்தார். மாலுமிகளையும் விசாரித்தார், அவர்கள் அதனைக் கட்டுக்கதை என்று தள்ளினர். 1600-ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் வில்லியம் கில்பர்ட் காந்தத்தைப் பற்றி இலத்தீன் மொழியில் ஒரு பெருநூல் இயற்றினார். அதிலும் பூண்டுக் கதைக்கு மறுப்பு உண்டு. ஆனால், அந்நூலின் பெருமை வேறொன்றில் இருக்கிறது. நாம் வாழும் பூமியே ஒரு பெருங்காந்தம் என்பதை அது நிலைநாட்டியது. இந்த உண்மை தெரிந்தபின் நம் கேள்வியே மாறிவிடுகிறது. வயலில் நிற்கும் நெல்லும், வேலியில் படரும் கொடியும், காட்டில் ஓங்கிய மரமும் தோன்றிய நாள்முதல் ஒரு காந்தப்புலத்தினுள்ளேயே வளர்ந்து வந்துள்ளன. எனவே, காந்தம் பயிரைத் தொடுகிறதா என்பதன்று கேள்வி. தொடுவதனால் ஏதேனும் விளைகிறதா என்பதே கேள்வி.

இதற்கு முதலில் விடை கூற முன்வந்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர். 1778-ஆம் ஆண்டில் பாரிஸ் நகருக்கு வந்த மெஸ்மர் என்னும் மருத்துவர், உயிர்க்காந்தம் என்ற ஒன்று உலகெங்கும் பரவியிருப்பதாகவும், அதனைக் கையாண்டு எந்நோயையும் தீர்க்கலாம் என்றும் கூறினார். செல்வர்கள் திரண்டனர். இடமில்லாதபோது மரங்களுக்கும் காந்தம் ஏற்றப்பட்டது. மரத்தைப் பற்றிக்கொண்டால் நோய் நீங்கும் என்று மக்கள் நம்பினர். 1784-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி ஓர் ஆராய்ச்சிக் குழுவை அமைத்தார். அமெரிக்கத் தூதராயிருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் அதன் தலைவர். பிராணவாயுவுக்கு ஆக்ஸிஜன் என்னும் பெயரை வழங்கிய இரசாயன மேதை லவாஸியேயும் அக்குழுவில் இருந்தார்.

பாஸி என்னும் இடத்தில் பிராங்க்ளின் தங்கியிருந்த மாளிகைத் தோட்டத்தில் ஒரு சோதனை நடந்தது. மெஸ்மரின் மாணவர் டெஸ்லான் ஒரு மரத்திற்குக் காந்தம் ஏற்றினார். அவரே தேர்ந்தெடுத்து அழைத்து வந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கண்ணைக் கட்டி, காந்தம் ஏற்றப்படாத வேறு நான்கு மரங்களிடம் ஒன்றன்பின் ஒன்றாக அழைத்துச் சென்றனர். முதல் மரத்திலேயே அவனுக்கு வியர்த்தது. பின் தலை சுற்றியது. நான்காம் மரத்தடியில் மூர்ச்சித்து விழுந்தான். காந்தம் ஏற்றிய மரத்தை அவன் நெருங்கவே இல்லை! எல்லா மரங்களிலும் இயல்பாகவே காந்தம் உண்டு என்று டெஸ்லான் சமாதானம் கூறினார். அப்படியாயின், அச்சிறுவனைப் போன்றவர் எவரும் எந்தத் தோட்டத்திலும் நடமாட இயலாதே என்று குழுவினர் விடையளித்தனர். நேயர்கள் இந்தச் சோதனையை நினைவில் இருத்த வேண்டுகிறேன். சோதிக்கப்படுபவனுக்கு எது காந்தம் ஏற்றிய மரம், எது ஏற்றாத மரம் என்று தெரியக் கூடாது என்னும் விதி, காந்த ஆராய்ச்சியில் இத்தோட்டத்தில்தான் வேரூன்றியது.

இனி, உண்மையான தொடர்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அதற்கான முதல் தடயம் செடியில் கிடைக்கவில்லை, காற்றில் கிடைத்தது. 1845-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே, காந்தத்தால் கவரப்படாத பொருள்கள் எனப்பட்டவற்றுள் பெரும்பாலானவை காந்தத்தால் மிக மெல்லத் தள்ளப்படுகின்றன என்று கண்டார். தொடர்ந்து வாயுக்களை ஆராய்ந்தபோது, ஆக்ஸிஜன் காந்தத்தின்பால் ஈர்க்கப்படுவதை அறிந்தார். 1891-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஜேம்ஸ் டிவார், குளிர்வித்துத் திரவமாக்கிய ஆக்ஸிஜனை ஒரு வலிய மின்காந்தத்தின் அருகே வைத்தார். அந்நீல நிறத் திரவம் தாவிச் சென்று காந்தத் துருவங்களில் ஒட்டிக்கொண்டது.

இதன் காரணத்தை இருபதாம் நூற்றாண்டு விளக்கியது. ஒவ்வோர் எலெக்ட்ரானும் தற்சுழற்சியுடைய ஒரு நுண்காந்தம். பெரும்பாலான பொருள்களில் எலெக்ட்ரான்கள் எதிரெதிர்த் திசையில் இணை சேர்ந்திருப்பதால் அவற்றின் காந்தத்தன்மை ஒன்றையொன்று அழித்துக் கொள்ளும். ஆக்ஸிஜன் மூலக்கூற்றிலோ இரண்டு எலெக்ட்ரான்கள் இணையின்றித் தனித்து நிற்கின்றன. அது காந்தத்தால் ஈர்க்கப்படுவதற்கு அத்தனிமையே காரணம். உயிரினங்களுக்கு ஆக்ஸிஜனால் விளையும் துன்பங்கள் சிலவற்றிற்கும் அதுவே அடிப்படை.

ஆம், உயிரளிக்கும் ஆக்ஸிஜனே உயிருக்கு ஊறும் செய்கிறது. இலையின் பசுங்கணிகத்தில் ஒளியால் உந்தப்பட்ட எலெக்ட்ரான்கள் வழிதவறி ஆக்ஸிஜனைச் சேர்ந்தால் சூப்பராக்ஸைடு பிறக்கிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாகிறது. இவை மிகுந்தால் உயிரணுவின் சவ்வு, புரதம், மரபுப்பொருள் ஆகியவை சிதையும். இரும்பைத் துரு அரிப்பது போன்றதொரு கேடு இது. இதனைத் தடுக்கச் செடி தன்னுள் காவல் நொதிகளை வைத்திருக்கிறது.

அக்காவலர்களை மனிதன் அடையாளம் கண்ட வரலாறு நெடியது. ஹைட்ரஜன் பெராக்ஸைடை 1818-ஆம் ஆண்டில் கண்டுபிடித்த பிரெஞ்சு அறிஞர் தெனார், விலங்குத் திசுக்கள் பட்டால் அது பொங்கிச் சிதைவதையும் கவனித்தார். 1901-ஆம் ஆண்டில் ஆஸ்கர் லோவ் அமெரிக்க விவசாய இலாகாவுக்காகப் புகையிலையை ஆராய்ந்து, இச்செயலைப் புரியும் நொதிக்குக் கேட்டலேஸ் என்று பெயரிட்டார். இதனைக் காட்டப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பச்சை உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை நீர்த்த ஹைட்ரஜன் பெராக்ஸைடில் இட்டால் நுரை பொங்கும்; தணல் கொண்ட குச்சியை அந்த வாயுவில் காட்டினால் அது மீண்டும் சுடர்விடும். வெந்த கிழங்கில் நுரை எழாது. நொதி வெப்பத்தால் அழிந்துவிட்டது. என் வகுப்புகளில் ஆண்டுதோறும் மாணவர் முன் இதனைச் செய்து காட்டியுள்ளேன். வேகாத துண்டையும் வெந்த துண்டையும் அருகருகே வைத்தால்தான் பாடம் விளங்கும் என்பது ஆசிரியர் அனைவரும் அறிந்ததே.

1938-ஆம் ஆண்டில் மேன், கெய்லின் என்னும் இரு ஆராய்ச்சியாளர் மாட்டின் இரத்தத்திலிருந்து செம்பு கலந்த ஒரு நீலப் புரதத்தைப் பிரித்தனர். அது எதற்காக இருக்கிறது என்பது விளங்கவில்லை. முப்பது ஆண்டுகள் அது வேலையற்ற புரதமாகவே நூல்களில் கிடந்தது. 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மெக்கார்ட், பிரிடோவிச் இருவரும் அதன் தொழிலைக் கண்டுபிடித்தனர். சூப்பராக்ஸைடை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றுவதே அதன் வேலை. சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்று அதற்குப் பெயர் வழங்கினர். அவ்வாறு உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்ஸைடைக் கேட்டலேஸும் பெராக்ஸிடேஸ்களும் தீங்கற்ற நீராக மாற்றுகின்றன. முதற்காவலன் வாயிலில் பிடித்துக் கொடுக்க, அடுத்த காவலன் வெளியேற்றுவது போன்ற ஏற்பாடு இது. இருவருள் ஒருவன் மட்டும் சுறுசுறுப்பாகி மற்றவன் சோர்ந்தால் வீட்டுக்குள் கூட்டம் தேங்கும் என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம். உண்டாகும் ஊறு காவலை விஞ்சும் நிலைக்கு ஆக்ஸிஜனேற்ற நெருக்கடி என்னும் பொருளுடைய ஒரு பெயரை 1985-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்முட் ஸீஸ் வகுத்தளித்தார்.

இவ்வாறு ஒருபுறம் ஆக்ஸிஜனைப் பற்றிய அறிவு வளர, மறுபுறம் செடிகளைக் காந்தத்தின் அருகே வைத்துப் பார்ப்போர் தனியே உழைத்து வந்தனர். 1930-ஆம் ஆண்டில் ரஷ்ய ஆராய்ச்சியாளர் ஸவோஸ்தின், காந்தப்புலத்தில் கோதுமை நாற்றின் வேர் விரைந்து வளர்வதாக எழுதினார். 1960-ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஆடஸ், கிரெஸ் என்னும் கீரையின் வேர் காந்தப்புலம் குன்றும் திசை நோக்கி வளைவதாக அறிவித்தார். அதே ஆண்டில் சோவியத் நாட்டில் கிரிலோவ், தரகனோவா இருவரும் விதையை எத்திசை நோக்கி வைக்கிறோம் என்பது முளைப்பைப் பாதிப்பதாகக் கூறினர். கனடாவின் லெத்பிரிட்ஜில் பிட்மன் கோதுமை வேர்களின் வடக்கு தெற்குப் போக்கை ஆராய்ந்தார்.

வேர் வளைவதன் காரணம் பின்னர் தெளிந்தது. வேர் நுனியின் உயிரணுக்களில் மாவுமணிகள் உள்ளன. அவை புவியீர்ப்பால் கீழே படிவதைக் கொண்டே வேர் கீழ்த்திசையை அறிகிறது. மாவு, பாரடே கண்டபடி, காந்தத்தால் மெல்லத் தள்ளப்படும் பொருள். ஓரிடத்திற்கு ஓரிடம் வலிமை கடுமையாக மாறும் காந்தப்புலத்தில் அம்மணிகள் இடம்பெயர்கின்றன, வேரும் வளைகிறது. 1996-ஆம் ஆண்டில் குஸ்னெட்ஸோவ், ஹாஸென்ஸ்டைன் இருவரும் இதனைக் காட்டினர். ஆகவே, இது மணியை நகர்த்தும் எளிய பௌதிக நிகழ்ச்சி. நொதிகளை மாற்றும் மறைபொருள் அன்று.

அப்படியாயின், காந்தம் நொதிகளை மாற்றுவதாகச் சொல்லப்படுவதற்கு வழி ஏது? இங்கே ஒரு பெருந்தடை குறுக்கிட்டது. பூமியின் காந்தப்புலம் ஓர் எலெக்ட்ரானுக்குத் தரக்கூடிய ஆற்றல், சாதாரண வெப்பத்தில் மூலக்கூறுகள் துடிக்கும் ஆற்றலில் ஏறத்தாழக் கோடியில் ஒரு பங்குதான். சந்தை இரைச்சலில் எறும்பின் காலடி ஓசை கேட்குமா என்று பௌதிக அறிஞர் கேட்டனர்.

விடை 1960-களின் இறுதியில் இரசாயனத்திலிருந்து வந்தது. இணையற்ற எலெக்ட்ரானைக் கொண்ட மூலக்கூற்றுத் துண்டைத் தனியுறுப்பு என்பர். ஒளி பட்டு ஓர் எலெக்ட்ரான் ஒரு மூலக்கூற்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும்போது இரண்டு தனியுறுப்புகள் ஒரே கணத்தில் பிறக்கின்றன. அவற்றின் எலெக்ட்ரான்களின் சுழற்சி எதிரெதிராக இருந்தால் தாவிய எலெக்ட்ரான் திரும்பிவிடலாம். ஒரே திசையில் இருந்தால் திரும்புவது தடைப்பட்டு, இரசாயனம் வேறு வழியில் செல்லும். எது நேரும் என்பதை மிக மெல்லிய காந்தப்புலமும் சற்றே மாற்ற இயலும். ஏரி நீரின் வேகம் ஏரியினுடையது. ஆயினும் எந்தக் கால்வாயில் அது பாய்வது என்பதை மடையடியில் நிற்கும் சிறுவனின் கை தீர்மானிக்கலாம் அன்றோ! 1978-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கிளவுஸ் ஷுல்டனும் அவர் துணைவர்களும் பறவைகள் திசையறிவது இம்முறையாலேயே ஆகலாம் என்று கூறினர். 1993-ஆம் ஆண்டில் கடுகினத்தைச் சேர்ந்த அராபிடாப்ஸிஸ் என்னும் சிறு செடியில், நீல ஒளியை உணரும் கிரிப்டோகுரோம் என்ற புரதத்தின் மரபணு கண்டறியப்பட்டது. ஒளி படும்போது தனியுறுப்புகளைத் தோற்றுவிப்பதும், பின்பு ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்ஸைடைத் தரக்கூடியதும் இப்புரதமே. காந்தம், ஆக்ஸிஜன், பயிர் ஆகிய மூன்றும் சந்திக்கக்கூடிய ஓரிடம் கடைசியில் அகப்பட்டது.

அகப்பட்டது என்று மகிழ்ந்து நின்றுவிடலாகாது. 2007-ஆம் ஆண்டில் மார்கரெட் அகமதும் அவர் குழுவினரும், பூமியின் புலத்தைவிடப் பத்து மடங்கு வலிய புலத்தில் நீல ஒளியில் வளர்ந்த அராபிடாப்ஸிஸின் தண்டு வளர்ச்சி மாறுவதாக வெளியிட்டனர். இங்கிலாந்தில் மற்றொரு குழு அதே சோதனையை மிகுந்த கட்டுப்பாட்டுடன் திரும்பச் செய்தது. அவ்விளைவு தோன்றவில்லை என்று 2009-ஆம் ஆண்டில் அறிவித்தது. 2019-ஆம் ஆண்டில் ஒளி அணைந்தபின் இருளில் நிகழும் வினையின்போதே காந்தம் செயற்படுகிறது என்று புதிய சான்றுகளுடன் மீண்டும் ஒரு கட்டுரை வந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை.

இவ்வளவும் மெல்லிய புலத்தைப் பற்றியவை. விதைகளுக்கு அளிக்கப்படும் காந்தமோ மிக வலியது. தென்னாட்டில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. விதைச் சோதனைகளில் வழங்கும் 200 மில்லிடெஸ்லா என்பது அதனைப்போல் 5,000 மடங்கு. புது டெல்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தார் 2008-ஆம் ஆண்டில், விதைக்கு முன் ஓரிரு மணி நேரம் காந்தப்புலத்தில் வைத்த கொண்டைக்கடலை விரைந்து முளைத்ததாக வெளியிட்டனர். பின்னர் நொதிகளையும் அளந்தனர். நேயர்கள் இங்கே மூன்று முடிவுகளை ஒப்பிட வேண்டும்.

முதலாவது, 2007-ஆம் ஆண்டில் தெஹ்ரானில் நடந்தது. திரவத்தில் வளர்த்த புகையிலை உயிரணுக்களை 10, 30 மில்லிடெஸ்லாப் புலத்தில் நாள்தோறும் சில மணி வைத்தனர். முதற்காவலனாகிய டிஸ்மியூட்டேஸ் மிகுந்தது. கேட்டலேஸும் அஸ்கார்பேட் பெராக்ஸிடேஸும் குறைந்தன. சவ்வுச் சிதைவு ஏறியது. இரண்டாவது, 2012-ஆம் ஆண்டில் டெல்லியில் வெள்ளரி விதையில் நடந்தது. 200 மில்லிடெஸ்லாவில் ஒரு மணி வைத்த விதை முளைக்கும்போது சூப்பராக்ஸைடும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் மிகுந்தன. டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் இரண்டுமே கூடின. மூன்றாவது, அதே ஆண்டில் இந்தூர் தேவி அகில்யா பல்கலைக்கழகத்தார் தொடர்புற்ற சோயா ஆராய்ச்சி. இதிலும் சூப்பராக்ஸைடும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் கூடின. ஆனால் டிஸ்மியூட்டேஸ் குறைந்தது. லோவ் புகையிலையில் பெயரிட்ட கேட்டலேஸ், புகையிலையில் குறைகிறது, வெள்ளரியில் ஏறுகிறது. டிஸ்மியூட்டேஸ் வெள்ளரியில் ஏறுகிறது, சோயாவில் இறங்குகிறது.

இவற்றுள் எது மெய், எது பொய் என்று கேட்பது பொருத்தமன்று. தனித்து மிதக்கும் உயிரணு வேறு, முளைக்கும் விதை வேறு, எழும் தண்டு வேறு. புலத்தின் வலிமையும் காலமும் வேறு. மேலும், ஹைட்ரஜன் பெராக்ஸைடு முற்றிலும் பகை என்று எண்ணிய காலமும் போய்விட்டது. அது சிறிதளவில் செடிக்குள் செய்தி கொண்டு செல்லும் தூதனும் ஆகும். விதை முளைப்பதற்கு அதன் அளவு ஒரு கீழெல்லைக்கு மேலும் ஒரு மேலெல்லைக்குக் கீழும் இருத்தல் வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் கூறினர். எனவே, ஒரு காவல் நொதி கூடியது என்னும் செய்தி மட்டும் நன்மைக்கும் சான்றாகாது, தீமைக்கும் சான்றாகாது. காவலர் மிகுந்த ஊரில் அமைதி மிகுந்தது என்றும் கொள்ளலாம். திருட்டு மிகுந்தது என்றும் கொள்ளலாம். காவலரை மட்டும் எண்ணாமல் ஊரையும் பார்த்தல் வேண்டும்.

இதனை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஓர் இலையின் நொதி சற்று ஏறியது என்னும் செய்தி, கடைத்தெருவை அடையும்போது விளைச்சல் பெருகும் என்னும் உறுதிமொழியாக மாறிவிடுகிறது. காந்தக் குழாய் வழியே பாய்ச்சிய நீர், காந்தமூட்டிய விதை என்று விற்பனை நடக்கிறது. கடன் வாங்கிப் பயிரிடும் ஓர் உழவனுக்கு அக்கருவியின் விலை சிறிதன்று. அதை வாங்குவதா வேண்டாவா என்று அவன் முடிவு செய்யும்போது, பூண்டுக் கதையைப் பெயர்த்தெழுதியவர்களின் பக்கம் நாம் நிற்கலாகாது.

பள்ளியிலும் வயலிலும் செய்யத்தக்க ஒரு முறையைச் சொல்கிறேன். ஒரே மூட்டையிலிருந்து நூறு நூறாக விதைகளை எண்ணி எடுங்கள். ஒரு பகுதியைக் காந்தங்களுக்கிடையே வையுங்கள். மற்றொரு பகுதியை அதே வடிவும் எடையும் கொண்ட காந்தமில்லா இரும்புத் துண்டுகளுக்கிடையே அதே நேரம் வையுங்கள். மின்சுருளைப் பயன்படுத்தினால் அது வெப்பமும் தரும் என்பதை மறவாதீர்கள். வெப்பத்தின் விளைவு காந்தத்தின் கணக்கில் ஏறிவிடும். எந்தத் தட்டு எது என்பதை வேறொருவர் எழுதிப் பூட்டி வைக்கட்டும். முளையை எண்ணுபவருக்கு அது தெரியவேண்டா. இதற்கெல்லாம் முன்னதாக, காந்தமே காட்டாத விதைகளை இரு தட்டுகளில் இட்டு எண்ணிப் பாருங்கள். நூற்றுக்கு 85 முளைக்கும் விதையாயின், இரு தட்டுகளுக்கிடையே ஐந்தாறு முளை வேறுபாடு வெறும் தற்செயலாகவே அடிக்கடி நேரும். அத்தனை வேறுபாட்டைக் காட்டி எவரேனும் கருவி விற்க வந்தால், சோதனையைப் பன்முறை திரும்பச் செய்து காட்டும்படி கேளுங்கள்.

காந்தம் பயிரின் ஆக்ஸிஜன் இரசாயனத்தைத் தொடக்கூடும் என்பதற்கு இன்று நல்ல பௌதிகக் காரணம் இருக்கிறது. அது விளைச்சலை உறுதியாகப் பெருக்கும் என்பதற்கு அத்தகைய உறுதி இல்லை. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தூரத்தை உரத்த பேச்சினால் கடக்க முடியாது. பாஸித் தோட்டத்தில் சிறுவனின் கண்ணைக் கட்டிய அந்தச் சிறு துணியைக் கொண்டே ஒவ்வோர் அடியாகக் கடத்தல் வேண்டும். இளைஞர்கள் அப்பணியை மேற்கொள்வார்களாக.